ஓய்வு பெறும் முன் கேஸ்களை ஒப்படைப்பது எப்படி? குழந்தைகள் நலப் பணியாளர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: வடசென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கால் நூற்றாண்டாகக் குழந்தைகள் நலப் பணியாளராக இருக்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. கையில் முப்பது கேஸுக்கு மேல் இருக்கிறது. என் இடத்துக்கு வருகிற பெண்ணுக்கு 24 வயது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர், கெட்டிக்காரர்தான், ஆனால் ஏரியாவுக்குப் புதிது. வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறைய ஃபீல்டு நோட்டுகள் கிடக்கின்றன. இதற்கிடையில் ஒரு போன் வந்தது. 2003-இல் கொருக்குப்பேட்டையில் கணவனை இழந்த ஒரு தாயின் இரண்டு பிள்ளைகளை ஹோமில் சேர்க்கலாம் என்று நான்தான் அறிக்கை எழுதினேன். அதில் மூத்தவள் என் நம்பரைத் தேடிப் பிடித்து, “எங்கள ஏன் எங்கம்மாகிட்டேர்ந்து பிரிச்சீங்க?” என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்ல? நான் செய்தது சரிதானா? நோட்டுகளை என்ன செய்ய? இந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதலாமா? இப்போது கையில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிறேன் என்று எப்படிச் சொல்ல? (பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை)

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் இருந்த தெருப் பெயர், ஹோமின் பெயர், பிள்ளைகளின் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டோம். பேட்டையையும் ஆண்டையும்கூட, சட்ட நிலவரம் மாறாத அளவுக்கு மாற்றித்தான் போட்டிருக்கிறோம். காரணம் கீழே, புத்தகத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் வரும்.

போன் செய்த பெண்ணிலிருந்து தொடங்குகிறேன். மற்றதற்கெல்லாம் மூன்று மாதம் இருக்கிறது. அவர் இருபது வருடம் காத்திருந்துவிட்டார்.

போனில் பதில் சொல்ல வேண்டாம். “நேரில் உட்கார்ந்து பேசலாம், அதற்கு முன்னால் ஃபைலைப் பார்த்துவிடுகிறேன், இந்தத் தேதிக்குள் கூப்பிடுகிறேன்” என்று சொல்லி, சொன்ன தேதியில் கூப்பிடுங்கள். ஃபைல் கிடைக்காவிட்டாலும் கூப்பிடுங்கள். ஹோமில் வளர்ந்தவர்கள் ‘வரேன்’ என்று சொல்லிவிட்டு வராதவர்களை நிறையப் பார்த்திருப்பார்கள். சந்திக்கும் இடத்தை அவரே சொல்லட்டும். சிறுவயதில் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்த உங்கள் அலுவலகமாக அது இருக்க வேண்டாம். துணைக்கு யாரையாவது அழைத்துவர விரும்பினால் வரட்டும். குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நினைவை நம்பிப் பேசாதீர்கள். இத்தனை வருடத்தில் இரண்டு மூன்று குடும்பங்களின் கதை ஒன்றோடொன்று கலந்திருக்கும், அது நமக்கே தெரியாது. ஃபைலை மூன்று இடத்தில் தேடலாம்: உங்கள் நிறுவனத்தின் கேஸ் ஃபைல், ஹோமின் சேர்க்கைப் பதிவேடும் பிள்ளையின் தனி ஃபைலும், குழந்தைகள் நலக் குழுவின் (பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கச் சட்டப்படி அமைந்த குழு) ஆணை. 2000-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 2001 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால் 2003-இல் குழு ஆணை இருந்திருக்க வேண்டும். (அதற்கு முந்திய பிள்ளைகளுக்கு 1986 சட்டத்தின்படி சிறார் நல வாரியம்.) ஆனால் இல்லங்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது 2006 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன் எந்த ஆணையும் இல்லாமல், தாயின் கைநாட்டு வாங்கிய ஒரு வெள்ளைத்தாளோடு தனியார் விடுதிகளில் சேர்ந்த பிள்ளைகள் ஏராளம். உங்கள் கேஸும் அப்படி என்றால், அந்தப் பெண்ணின் குழந்தைப் பருவத்துக்கு எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி உங்கள் பரண் பெட்டியில் இருக்கலாம். அதனால் இந்த வேலை முடியும்வரை ஒரு நோட்டையும் கிழிக்காதீர்கள்.

அவர் தன் ஃபைலைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்க உதவுங்கள். ஹோமின் கண்காணிப்பாளருக்கு ஒன்று, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நகல் ஒன்று. ஆதார் நகல், ஹோமில் இருந்த ஆண்டுகள், அங்கே அவருக்கு இருந்த பெயர், தங்கையோ தம்பியோ உடன் இருந்த விவரம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். பல பதிவேடுகளில் பெயரும் இனிஷியலும் மாறியிருக்கும், பிறந்த தேதி பள்ளியில் சேர்க்கும்போது குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கும். ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ‘அப்படி யாரும் இல்லை’ என்ற பதில்தான் வரும்.

கிடைத்ததில் எதைக் காட்டலாம்? அவரைப் பற்றியது அவருக்கு உரியது. உடன்பிறந்தவரைப் பற்றிய பக்கங்கள் அப்படியல்ல, அவருடைய சம்மதம் வேண்டும். தாயின் மருத்துவ விவரம் தாய்க்கு உரியது. எச்.ஐ.வி. தொடர்பான குறிப்பாக இருந்தால் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. உடன்பிறந்த பிள்ளை தத்துப் போயிருந்தால் வேர்களைத் தேடும் உரிமை தத்துப்போன அந்தப் பிள்ளைக்குத்தான், அதுவும் தத்தெடுப்பு நிறுவனம், மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் வழியாக. வேறொருவர் அவருக்காகத் தேட விதிகள் இடம் தரவில்லை. “எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லக் கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும் என்ற வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய ஃபைல்களின் மொழிக்கு அவரை முன்கூட்டியே தயார்படுத்த வேண்டும். ‘தாய் நடத்தை சரியில்லாதவர்’, ‘அக்கறையற்றவர்’ என்று ஒரே வரியில் ஒரு மனுஷியை முடித்திருப்பார்கள். அந்த வரியை எழுதியது நீங்களாகவே இருந்தால், ஃபைலை அவர் கையில் கொடுப்பதற்கு முன்பே அதை வாயால் சொல்லிவிடுங்கள்.

சந்திப்பில் முதலில் அவருக்கு என்ன தெரியும், யார் என்ன சொல்லி வளர்த்தார்கள் என்று கேளுங்கள். பிறகு நான்கு படியாகச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்தது என்ன, பிறர் சொல்லிக் கேட்டது என்ன, அதிலிருந்து எடுத்த முடிவு என்ன, செய்யாமல் விட்டது என்ன. பார்த்ததையும் கேட்டதையும் கலக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நாம் பார்த்தது போலச் சொன்னால் அவர் தன் தாயைப் பற்றி ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு போவார். ‘உங்க நல்லதுக்குத்தான் செஞ்சோம்’, ‘அப்போதைய சூழ்நிலை அப்படி’ ஆகிய இரண்டு வாக்கியங்களும் வேண்டாம். அவர் கோபப்பட்டால் கோபப்படட்டும், அந்த இடத்தில் நம் தரப்பு நியாயம் அவருக்குத் தேவைப்படாது. தாய் உயிரோடு இருக்கிறார், எங்கே என்று தெரியவில்லை என்றால் ‘தேடித் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தேட முடிந்தால் முதலில் தாயிடம் தனியாகப் போய், மகள் தேடுகிறாள், சந்திக்க விருப்பமா என்று கேட்க வேண்டும். அந்தத் தாய் புது வாழ்க்கை அமைத்துக்கொண்டு பழையதை யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம்.

அடுத்து, நீங்கள் செய்தது சரியா என்ற கேள்வி. முழு ஃபைலையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதைப் பார்த்து முடிவு செய்வது என்று சொல்கிறேன். பிள்ளைகளுக்கு அன்றைக்கே ஆபத்து இருந்ததா, அடி, பட்டினி, பாலியல் சீண்டல், கவனிக்க ஆளே இல்லாத கைக்குழந்தை என்று ஏதாவது? அல்லது வறுமை மட்டுமா? வறுமை மட்டும்தான் என்றால், அன்றைக்கு உங்கள் கையில் வேறு என்ன வழி இருந்தது?

2003-இல் அதிகம் இல்லை என்பதுதான் உண்மை. ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் 2009-இல்தான் வந்தது. அதன் பிறகே மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலகு அமைந்தது. வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதப் பணம் தரும் ஸ்பான்சர்ஷிப் ஒரு நடைமுறையாக ஆனதும் அதற்குப் பிறகே. இன்று கணவனை இழந்த தாய், கைவிடப்பட்ட தாய், உயிருக்கு ஆபத்தான நோயுள்ள பெற்றோர், பெற்றோர் இருவரையும் இழந்து பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை ஆகியோருக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கேட்கலாம். நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் வந்தது, மாதம் 2,000 ரூபாய். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போதைய 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது. இன்றைய கருவிகளை வைத்து அன்றைய முடிவை அளந்தால் உங்களுக்கு நியாயம் கிடைக்காது. ஆனால் அன்றைக்கு வழியில்லை என்பதால் அந்தப் பெண்ணின் இழப்பு குறைந்துவிடவும் இல்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதைவிட முக்கியமாக நான் கேட்கும் கேள்வி, சேர்த்த ஆறாம் மாதத்தில் என்ன நடந்தது என்பது. பிரித்த நாளைப் பற்றித்தான் எல்லாரும் யோசிக்கிறோம். குடும்பம் அறுந்துபோவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பல ஹோம்களில் மாதத்துக்கு ஒரு நாள்தான் பெற்றோர் வரலாம். கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போகும் தாய்க்கு அது ஒரு நாள் கூலி, மேலே பஸ் காசு. பிள்ளைக்கு ஏதாவது வாங்காமல் கையை வீசிக்கொண்டு போக மனம் வராது. இரண்டு மாதம் தவறினால் மூன்றாம் மாதம் வார்டன் முகத்தில் விழிக்கக் கூச்சம், பிறகு வருவதே நின்றுவிடும். ஃபைலில் ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று ஏறும். அந்த ஒரு வரியை வைத்துத்தான் அடுத்த பத்து வருடமும் பிள்ளை ஹோமிலேயே இருக்கும். உங்கள் 2003 கேஸில் தாயின் வருகைப் பதிவைத் தேடிப் பாருங்கள். உங்கள் மனச்சாட்சி கேட்கும் கேள்விக்குப் பதில் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதிலும் அதுதான் முதன்மையானது: உங்கள் அம்மா இத்தனை முறை வந்தார், இந்தத் தேதிக்குப் பிறகு வரவில்லை, ஏன் வரவில்லை என்று நாங்கள் போய்க் கேட்கவில்லை.

இதைப் பார்க்கும்போதே இப்போது ஹோமில் இருக்கும் உங்கள் பிள்ளைகளின் வருகைப் பதிவையும் எடுத்துப் பாருங்கள். மூன்று மாதமாக யாரும் வராத பிள்ளை இருந்தால் ஓய்வுக்கு முன் நீங்கள் நேரில் போய் முடிக்க வேண்டிய முதல் ஹோம் விசிட் அந்த வீட்டுக்கு.

இனி ஒப்படைப்பு. முப்பது ஃபைலையும் கட்டி மேசையில் வைத்துவிட்டுப் போவதால்தான் பிள்ளைகள் தொலைகிறார்கள். கேஸ்களை முதலில் வகை பிரியுங்கள். குழுவில் விசாரணை நடந்துகொண்டிருப்பவை ஒரு கட்டு. இவற்றில் சமூக விசாரணை அறிக்கைக்கு (பிள்ளையின் குடும்ப நிலையை விசாரித்து எழுதுவது) 15 நாள், முதல் முறை ஆஜர்படுத்தியதிலிருந்து இறுதி ஆணைக்கு நான்கு மாதம் என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் அடுத்த தேதியை அட்டையிலேயே எழுதுங்கள். ஹோமில் இருப்பவர்கள், வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு ஃபாலோ-அப்பில் இருப்பவர்கள், ஸ்பான்சர்ஷிப் வாங்குபவர்கள், போக்சோ வழக்கில் இருப்பவர்கள், பதினேழரை வயதைத் தாண்டியவர்கள் என்று மற்றவை பிரியும்.

இவற்றில் எளிதில் நழுவுவது வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைதான். குழுவைப் பொறுத்தவரை ஆணை முடிந்தது, ஹோமைப் பொறுத்தவரை பெயர் நீங்கியது, உங்கள் ஒருவர் நினைவில்தான் அந்தப் பிள்ளை இருக்கிறது. திரும்பிய முதல் வாரம், முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று பார்வை போக வேண்டும். எங்கே நிற்கிறீர்களோ அதிலிருந்து புதியவர் தொடரட்டும்.

ஸ்பான்சர்ஷிப் பணம் அற்பக் காரணத்துக்கு நிற்கும். வங்கி கே.ஒய்.சி. புதுப்பிக்கவில்லை, ஆதாரில் ஒரு இனிஷியல் பாஸ்புக்கில் வேறு இனிஷியல், ஆண்டுப் புதுப்பிப்புக்குப் பள்ளிச் சான்று போகவில்லை. தாய் இரண்டு மாதம் வங்கிக்கு நடந்துவிட்டு, அரசாங்கமே நிறுத்திவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ஒவ்வொரு கணக்கிலும் கடைசியாகப் பணம் ஏறிய மாதத்தைப் பாஸ்புக்கில் பார்த்துக் குறித்துக் கொடுங்கள்.

போக்சோ வழக்கில் உங்களை ஆதரவு நபராக, அதாவது வழக்கு முடியும்வரை பிள்ளைக்குத் துணை நிற்பவராக, நியமித்தது குழு. ஆணையில் இருப்பது உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர் அல்ல. ஆகவே உள்ளுக்குள் பேசி மாற்றிக்கொள்ள முடியாது. குழுவுக்கு எழுதி, பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்து, புதியவர் பெயரில் ஆணை வாங்கி, புலனாய்வு அதிகாரிக்கும் அரசு வழக்கறிஞருக்கும் தெரிவிக்க வேண்டும். சாட்சி சொல்லும் நாள் நெருங்கிவிட்ட பிள்ளை என்றால், ஓய்வுக்குப் பிறகும் சாட்சியம் முடியும்வரை நீங்களே தொடர அனுமதி கேளுங்கள். நீதிமன்ற வாசலில் புது முகத்தோடு நிற்கும் பிள்ளை பேசாமல் போனால் வழக்கே சாய்ந்துவிடும்.

பதினெட்டை நெருங்குபவர்களுக்கு ஹோமை விட்டு வெளியே வரும் நாளில் கையில் அசல் சான்றுகள் இருக்க வேண்டும்: பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், டி.சி., பாஸ்புக். சாதிச் சான்றிதழ் ஒன்றுக்கே மாதக்கணக்கில் ஆகலாம், ஏனென்றால் பெற்றோரின் சான்று எங்கே என்று கேட்பார்கள். பின்பராமரிப்பு உதவி 21 வயதுவரை உண்டு. அதற்கான விண்ணப்பம் பதினெட்டு முடியும் முன்பே போக வேண்டும்.

ஒவ்வொரு கேஸுக்கும் இரண்டு பக்கம் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஃபைலில் இருப்பதைத் திரும்ப எழுதாமல் ஃபைலில் இல்லாததை எழுதுங்கள். குடும்பத்தில் யார் சொன்னால் எடுபடும், யார் போனை எடுப்பார்கள், எந்த நேரத்தில் எடுப்பார்கள், பிள்ளை நம்பும் பெரியவர் யார், பிள்ளைக்கு நீங்கள் கொடுத்த வாக்கு என்ன, எது நடந்தால் உடனே ஓட வேண்டும் என்பதெல்லாம். கொடுத்த வாக்கை விட்டுவிடாதீர்கள். ‘பரீட்சை முடிஞ்சதும் ஆயா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்’ என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அதை நாள் எண்ணிக் காத்திருக்கும்.

விலாசம் நம் பகுதியில் தனிப் பிரச்சினை. ஹவுசிங் போர்டு பிளாக்கை இடித்துக் கட்டுகிறார்கள் என்று குடும்பம் இரண்டு வருடம் வாடகைக்குப் போகும், கால்வாய்க் கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கம் கொண்டுபோய்விடுவார்கள், நம்பர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள தனி எண்) எழுதி வையுங்கள். குடும்பம் எங்கே போனாலும் அந்த எண்ணை வைத்துத் தலைமை ஆசிரியரால் பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறது, சேராமல் பொதுப் பட்டியலிலேயே நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியும். ரேஷன் கடை, அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுத் தலைவி ஆகிய மூவரில் ஒருவராவது குறிப்பில் இருக்க வேண்டும். குடும்பம் செங்குன்றம் பக்கம் போய்விட்டால் அது திருவள்ளூர் மாவட்டம், வேறு குழு, வேறு அலகு. எழுத்தில் மாற்றாவிட்டால் இரண்டு மாவட்டமும் மற்றது பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

ஆபத்து அதிகமுள்ள குடும்பங்களுக்குப் புதியவரை இரண்டு முறையாவது உடன் அழைத்துப் போங்கள். முதல் முறை நீங்கள் பேசுங்கள், அவர் கேட்கட்டும். இரண்டாம் முறை அவர் பேசட்டும், நீங்கள் வாசலில் உட்காருங்கள். எந்த நேரத்தில் போவது என்பதையும் அப்போதே கற்றுக்கொடுங்கள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகும் பெண்ணைக் காலை பத்து மணிக்கு வீட்டில் தேடினால் கிடைக்க மாட்டார். பிற்பகலில் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் வருமானம் குறையும், கடன் ஏறும். அதே சமயம் கோடை விடுமுறை. அந்த இரண்டு மாதத்தில் வேலைக்குப் போன பையன் பள்ளி திறந்த பிறகும் திரும்பாமல் போவதுண்டு. ஆகவே அந்த வீடுகளுக்கு மே மாதத்தில் ஒரு விசிட் கட்டாயம் என்று குறிப்பில் எழுதுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையின் சமூகப் பணியாளர், மகளிர் காவல் நிலையம், பள்ளித் தலைமை ஆசிரியர்கள் ஆகியோரிடம் போனில் அறிமுகம் செய்யாமல் நேரில் கூட்டிப்போய் நிறுத்துங்கள். 24 வயதுப் பெண்ணின் பேச்சை முதல் ஆறு மாதம் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் பக்கத்தில் நின்ற அந்த ஒரு நாள் அவருக்குப் பெரிய பலம்.

பிள்ளைகளிடம் சொல்வதற்கு: கடைசி நாளில் சொல்லக் கூடாது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு வாரம் முன்பு, சிறியவர்களுக்கு இரண்டு வாரம் முன்பு, காலண்டரில் தேதியைக் காட்டிச் சொல்லுங்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லுங்கள், கூட்டமாக நிறுத்தி அறிவிக்க வேண்டாம். மூன்று விஷயம் போதும்: எனக்கு வயதாகிவிட்டது, வேலையை விட்டுப் போகிறேன், உன்னால் அல்ல; இனி உன்னைப் பார்க்க இன்னார் வருவார், அடுத்த வாரம் கூட்டி வருகிறேன்; உன்னைப் பற்றி அவரிடம் இதையிதைச் சொல்லப் போகிறேன், வேறு எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது? கடைசிக் கேள்வியைப் பல பணியாளர்கள் கேட்பதில்லை. கேட்டால் பிள்ளை யோசித்துப் பதில் சொல்லும், ஒப்படைப்பில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதை உணரும்.

‘அப்பப்போ வந்து பார்க்கறேன்’ என்று சொல்லாதீர்கள். வர முடியாது. சில பிள்ளைகள் உங்களோடு பேசாமல் இருப்பார்கள், ஒருவன் அடிதடியில் இறங்குவான், ஹோமை விட்டு ஓடப் பார்ப்பவரும் உண்டு. ஏற்கெனவே தாயைப் பிரிந்த பிள்ளைக்கு இது இரண்டாவது பிரிவு. எந்தப் பிள்ளைக்கு என்றைக்குச் சொன்னீர்கள் என்பதை வார்டனிடம் தெரிவித்து, அந்த வாரம் தண்டனை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டுகளுக்கு வருவோம். அந்தப் பெட்டி உங்கள் வீட்டில் இருப்பதே சரியில்லை. உங்களுக்குப் பிறகு அதை எடுத்துப் பார்க்கப் போவது உங்கள் வீட்டார். பழைய பேப்பர்காரருக்குப் போட்டால் பக்கங்கள் பொட்டலம் மடிக்கப் போகும், அதில் ஒரு பிள்ளையின் பெயரும் நடந்ததும் இருக்கும். ஒவ்வொன்றாகப் புரட்டி, ஃபைலில் இல்லாத செய்தி எதுவும் இருந்தால் தேதியோடு தனித்தாளில் எடுத்து எழுதிக் கையெழுத்திட்டு ஃபைலில் சேருங்கள். தாய் வந்த நாள், பிள்ளையின் ஊர், உறவினர் பெயர், தடுப்பூசி, பிறந்த மருத்துவமனை போன்றவை சிறிய செய்திகள்தான், ஆனால் இருபது வருடம் கழித்து ஒருவர் தேடி வருவது இவற்றைத்தான். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தது என்ற ஒரு குறிப்பு இருந்தாலே மாநகராட்சியில் பிறப்புச் சான்று தேட வழி கிடைக்கும். நிறுவனத்துக்குச் சேர வேண்டிய நோட்டுகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மீதியை நிறுவனத்தின் ஒப்புதலோடு, ஆள் முன்னிலையில், துண்டாக்கும் இயந்திரத்தில் போடுங்கள்.

புத்தகம் எழுதலாம், எழுதவும் வேண்டும். இந்தத் துறையில் தமிழில் வேலை முறையைச் சொல்லும் நூல்கள் குறைவு. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஒரு பேட்டை, ஓர் ஆண்டு, ஒரு சம்பவம் மூன்றும் சேர்ந்தால் அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தில் நாங்கள் விவரங்களை மாற்றியதும் அதனால்தான். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளை வளர்ந்து சம்மதம் தந்தாலும் அந்தக் கதையில் உடன்பிறந்தவரும் தாயும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கதையை விட்டுவிட்டு நீங்கள் கற்ற வேலையை எழுதுங்கள்: ஒரு வீட்டு வாசலில் முதல் கேள்வியை எப்படிக் கேட்பது, குடித்துவிட்டு வந்து நிற்கும் தகப்பனிடம் எப்படிப் பேசுவது, குழு முன் அறிக்கையை எப்படிப் படிப்பது. உங்களுக்கு அடுத்து வருகிற பெண்ணுக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை நின்ற முதல் சில மாதங்களில், ஓடிக்கொண்டிருந்தபோது அடங்கிக் கிடந்ததெல்லாம் மேலே வரும். தூக்கம் கெடுவது, ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் முகம் திரும்பத் திரும்ப வருவது, போன் அடித்தாலே திடுக்கிடுவது இவையெல்லாம் மற்றவர்களின் துயரத்தை நெடுங்காலம் கேட்டவர்களுக்கு வரக்கூடியவை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஸ்டான்லி மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழில் பேசலாம். நாலு மாதமாவது எந்தப் புதுப் பொறுப்பையும் ஏற்காதீர்கள். பிறகு விருப்பமும் தெம்பும் இருந்தால் குழந்தைகள் நலக் குழு உறுப்பினர் பதவிக்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் நலனில் ஏழாண்டு அனுபவத்தைச் சட்டம் கேட்கிறது, பதவிக்காலம் மூன்றாண்டு. உங்களைப் போல வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் அந்த மேசையின் மறுபக்கம் உட்கார வேண்டும் என்பது என் விருப்பம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் போன். அலுவலக சிம்மை அப்படியே புதியவர் கையில் கொடுங்கள், எண்ணை மாற்ற விடாதீர்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருப்பது அந்த எண்ணைத்தான். சொந்த எண்ணுக்கு வரும் பழைய பிள்ளைகளில் பதினெட்டைத் தாண்டியவர்களோடு பேசுவதும் பேசாததும் உங்கள் இருவர் விருப்பம். பதினெட்டுக்குள் இருப்பவர் கூப்பிட்டால் கேளுங்கள், வெட்டிவிடாதீர்கள், கேட்டுவிட்டு அன்றைக்கே புதியவருக்குச் சொல்லுங்கள், அதைச் சொல்லப் போவதாகப் பிள்ளையிடமும் சொல்லுங்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு யாரையும் விட்டுவைக்கவில்லை, ஓய்வு பெற்றவருக்கும் தகவல் கொடுக்கும் கடமை உண்டு. காவல் நிலையத்துக்கு உடனே சொல்லுங்கள், பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் 1098-ஐக் கூப்பிடுங்கள். கேலரியில் இருக்கும் ஹோம் விசிட் படங்கள், வாட்ஸ்அப்பில் வந்த ஆணை நகல்கள், கூகுளில் தானாக ஏறிய பிரதிகள் எல்லாவற்றையும் கடைசி வாரத்தில் புதியவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேண்டியதை ஃபைலுக்கு மாற்றிவிட்டு அழித்துவிடுங்கள். கேஸ் பேசும் குழுக்களிலிருந்து உங்கள் எண்ணை எடுக்கச் சொல்லி அட்மினுக்கு அன்றைக்கே எழுதுங்கள்.